எழுத்து எரியாத வண்டி

அக்டோபர் 1, புதன்

நடந்ததை நடந்தபடி இன்றே எழுதி வைக்கிறேன். நாளைக்குள் ஆளுக்கொரு கதையாகிவிடும்.

ஆயுத பூஜைக்காக வண்டியை வாட்டர் சர்வீஸில் விட்டுக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, வாசல் சரிவில் முன்பக்கம் வீட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தோம். வடவள்ளியில் எங்கள் வீடு தெருவைவிட நல்ல உயரத்தில் இருக்கிறது. சக்கரங்களுக்கு முன்னால் நாலு எலுமிச்சம்பழம். இவர் வண்டியை எடுத்துப் பழங்களை நசுக்கி, மேலே போர்டிகோவுக்குள் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. இவருடைய அக்கா ருக்குமணி, எனக்கு நங்கையா, கற்பூரம் காட்டி முடித்து, பூசணிக்காயோடு வண்டிக்குப் பின்னால் தெருவில் இறங்கி நின்றார்.

இவர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் ஆகவில்லை. கியர் லீவரை ஏதோ செய்தார். ஸ்டார்ட் ஆனது. மறுபடி லீவரை இழுத்தார். மீட்டரைப் பார்த்தார். குனிந்து லீவரைப் பார்த்தார். தலை குனிந்திருந்தபோதே வண்டி பின்னால் போக ஆரம்பித்துவிட்டது.

வேகம் இல்லை. மாலையும் குங்குமமுமாக நிதானமாகப் பின்வாங்கியது. நங்கையா பூசணிக்காயைப் போட்டுவிட்டு ஒதுங்கினார், கால் மடங்கி விழுந்தார். வண்டி எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் முட்டி நின்றது. பூசணிக்காய் உடைந்தது. அது எப்படியும் உடைய வேண்டியதுதான். பழங்கள் நாலும் வைத்த இடத்தில் முழுசாக இருந்தன.

நங்கையாவுக்குக் கணுக்கால் சுளுக்கு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாயிற்று, எலும்பில் ஒன்றுமில்லை. அரை அடி தள்ளி நின்றிருந்தால் என்பதை எழுத வேண்டாம்.

எதிர்வீட்டுத் துரைராஜ் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சொவரு கெடக்குதுங்க, விடுங்க. பெரியவரு டி-க்குப் பதிலா ரிவர்ஸப் போட்டுட்டாராட்ட இருக்குது."

இவருக்கு ஐம்பத்தேழு வயது. துரைராஜுக்கு ஐம்பத்து நாலு இருக்கும்.

இவர் வண்டியிலிருந்து இறங்கினார். சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். யாரும் கேட்கவில்லை, அவராக நீட்டினார். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

நங்கையா கால் சரியாகும்வரை இங்கேதான். கூடத்துக் கட்டிலில் படுத்தபடியே வீட்டை நடத்துகிறார்.

"அவங்கிட்டச் சாவியக் குடுத்துராதே கோகிலா. பழம் நாலும் நசுங்கல பாத்தியா? அது சும்மா இல்ல."

"பழம் முன்னாடி இருந்துச்சுங்க நங்கையா. வண்டி பின்னாடி போச்சு. எப்படி நசுங்கும்?"

"படிச்சவ பேசற பேச்சப் பாரு."

பழங்களைக் கழுவி மத்தியானம் எலுமிச்சை சாதம் கிளறிவிட்டேன். இரண்டாம் முறை போட்டுக்கொண்ட பிறகுதான் நங்கையா எந்தப் பழம் என்று கேட்டார். சொன்னேன். சாயங்காலம்வரை என்னிடம் பேசவில்லை. அந்த அமைதி எனக்குத் தேவைப்பட்டது.

சென்ற வருஷம் பங்குனியில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம். கால் பெரும்பாலும் திரும்பிவிட்டது, கை முக்கால்வாசி. இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இந்த ஆட்டோமேட்டிக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். இதில் கிளட்ச் கிடையாது. லீவரை வரிசையாக நாலு இடத்தில் வைக்கலாம்: பி நிறுத்தி வைக்க, ஆர் பின்னால் போக, என் எதிலும் சேராமல் சும்மா இருக்க, டி முன்னால் போக. எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த எழுத்து எதிரே மீட்டரில் எரியும்.

ஹேண்ட் பிரேக்கும் இடது கைப்பக்கம்தான். இவரால் அதை முழுசாக இழுக்க முடியாது. அதனால் பின்சக்கரத்துக்கு அடியில் எப்போதும் ஒரு செங்கல் இருக்கும். நேற்று அது இல்லை. பூஜைக்கு நிற்கிற வண்டிக்கு அழுக்குச் செங்கல் எதற்கு என்று காலையில் நங்கையாதான் எடுத்து முருங்கை மரத்தடியில் வீசினார். ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. நான் சொல்லவில்லை. கட்டுப்போட்ட காலோடு படுத்திருக்கிறவரிடம் என்ன சொல்வது.

அக்டோபர் 3, வெள்ளி

ரத்தப் பரிசோதனை லேபில் என் வேலைக்கு இன்று காந்திபுரம் பஸ். உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நன்றாக இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

பின்பம்பரை நிமிர்த்த கம்பெனி சர்வீஸுக்கு வண்டியை இழுத்துப்போயிருந்தார்கள். லேபில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு இவரையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். டை கட்டிய அட்வைசர் ஒரு தாளைக் காட்டினார்.

"ஸ்கேன்ல ஒரு ஃபால்ட்டும் இல்ல மேடம். வண்டி பக்கா. சார் லீவர மாத்திப் போட்டிருப்பாரு. இந்த ஏஜ்ல சகஜம்."

சார் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். சுவரில் ஒட்டியிருந்த டயர் விளம்பரத்தை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் எடுத்த நேரத்தில் வண்டி சரியாக இருந்தது என்பதற்கு மட்டும்தான் அந்தத் தாள் சாட்சி. பூஜையன்று எப்படி இருந்தது என்று அதற்குத் தெரியாது. இதை நான் அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் இவர் மாற்றிப் போட்டிருப்பார் என்றுதான் தோன்றியது.

அக்டோபர் 8, புதன்

துரைராஜிடம் சும்மா கேட்டேன். அன்றைக்கு வண்டியின் பின்பக்கத்தை நேராகப் பார்த்தபடி நின்றவர் அவர்தான்.

"ரிவர்ஸ்னு எப்படிங்க சொல்றீங்க? பின்னாடி வெள்ளை லைட் எரிஞ்சுதா?"

யோசித்தார். "லைட்டு எரியலீங்க. எரிஞ்சிருந்தா நானும் ஒதுங்கியிருப்பன்ல?"

ஆர் போட்டால் வெள்ளை லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் இவர் ஆர் போடவில்லை. அல்லது லைட் பழுது. அல்லது துரைராஜ் பூசணிக்காயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இவரிடம் இதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

ஆனால் வேறு விதத்தில் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் பேச்சோடு பேச்சாக இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். நாலு நாள் முன்பு என்ன குழம்பு என்றும் கேட்டேன்.

"புதன். கொள்ளுப் பருப்பு," என்றார். பிறகு, "பிரதமர் பேரும் சொல்லட்டுமா?"

அக்டோபர் 11, சனி

மகள் யாழினி புனேயிலிருந்து பேசினாள். "வித்துரலாம்மா. ஆட்டோவுக்கு ஆப் இருக்கு." விற்பது சுலபம்தான்.

இவர் கை உடற்பயிற்சி செய்வதை நிறுத்திவிட்டார். பந்து டீப்பாயில் கிடக்கிறது. எழுவது தாமதம். முன்பெல்லாம் ஆறு மணிக்கே வண்டியைத் துடைத்துத் தயாராக இருப்பார், ஆறரைக்குக் கிளம்பினால்தான் ஏழுக்கு நான் லேபைத் திறக்க முடியும். அந்த அரைமணி நேரம் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். லாலி ரோடு சிக்னலில் பூக்காரம்மாளைப் பார்த்து, "இன்னிக்குப் பச்சைச் சேலை" என்பார். அந்த மாதிரிப் பேச்சு.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஸ்டாப்பில் நிற்கிறார். கருவேப்பிலை வாங்க வந்தாராம். என் பையை வாங்கி வலது தோளில் மாட்டிக்கொண்டார். மேட்டில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினோம்.

கருவேப்பிலை வீட்டில் இருந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

நரம்பு டாக்டரிடம் மறுபரிசோதனை. கண்ணை மூடச் சொல்லி, இடது கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து, "மேலயா, கீழயா?" என்று கேட்டார். இவர் மேலே என்றபோது கீழே இருந்தது. கீழே என்றபோதும் கீழே இருந்தது. இது புதிதில்லை. கைக்குப் பலம் வந்துவிட்டது, தான் எங்கே இருக்கிறோம் என்பதுதான் அதற்குத் தெரிவதில்லை. கண் பார்த்துச் சொன்னால் சரியாகச் செய்யும்.

கார் ஓட்டலாமா என்று நான் கேட்டேன். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஓட்டக்கூடாதுன்னு எழுதிக் குடுக்கற அளவுக்கு இல்லம்மா. ஓட்டுங்கன்னும் சொல்லமாட்டேன். கூட இருக்கறவங்க நீங்கதான் பாத்து முடிவு பண்ணணும்."

படித்தவர்கள் எல்லோரும் கடைசியில் இதைத்தான் சொல்கிறோம். நானும் லேப் ரிப்போர்ட்டின் அடியில், நோயாளியைப் பார்த்து முடிவு செய்யவும் என்று இதைத்தான் அச்சடிக்கிறேன்.

வண்டி சர்வீஸ் முடிந்து வாசலுக்கு வந்துவிட்டது. சாவியை லேபில் என் மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். கைப்பையில் இருந்தால் தொலைந்துவிடும்.

அக்டோபர் 17, வெள்ளி

விடிய விடிய மழை. இன்று எனக்கு லீவு. சாக்கடை தோண்ட வந்தவர்கள் வாசலிலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். சாவி டிராயரில் இருப்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு பீரோவில் மாற்றுச் சாவி இருப்பது ஞாபகம் வந்தது. ஆக இத்தனை நாளும் இவர் நினைத்திருந்தால் எடுத்திருக்கலாம்.

எனக்கு லைசென்ஸ் உண்டு, பழக்கம் விட்டுப்போயிற்று. உட்கார்ந்தேன். லீவர் பி-யில் இருந்தது, நன்றாக முன்னால் தள்ளியும் பார்த்தேன். மீட்டரில் எழுத்து இல்லை. சாவியைத் திருப்பினால் விளக்கெல்லாம் எரிகிறது, எஞ்சின் மட்டும் அசையவில்லை. லீவரைப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தேன். என் வந்ததும் மீட்டரில் என் எரிந்தது. திருப்பினேன், உடனே ஸ்டார்ட் ஆனது.

நிறுத்தினேன். மறுபடி பி. எழுத்து இல்லை, ஸ்டார்ட் இல்லை. மறுபடி என். ஸ்டார்ட். ஒருமுறை நடந்தால் அதை நான் நம்புவதில்லை, அதனால் மூன்றாவது முறையும் செய்தேன். டி போட்டுப் பார்த்தேன்: எழுத்து வந்தது, போனது, வந்தது.

நிமிர்ந்தால் ஜன்னலில் இவர், கையில் காபி டம்ளரோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

உள்ளே போனேன். நங்கையா குளித்துக்கொண்டிருந்தார்.

"பி-ல எழுத்து எரியறதில்ல. உங்களுக்குத் தெரியுமா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஆடி மழைல இருந்து. தினமும் இல்ல. ஈரமா இருந்தா மட்டும். என்-ல வெச்சா எடுத்துக்கும்."

"பூசையன்னைக்கும் அப்படித்தான் எடுத்தீங்களா?"

"ம். அப்புறம் டி-க்கு இழுத்தன். எழுத்தக் காணோம். கீழ பாத்தா அக்கா லீவரச் சுத்திச் சந்தனத்த அப்பி வெச்சிருக்குது. அச்சடிச்ச எழுத்து ஒண்ணும் தெரியல. டி-தான்னு நெனச்சுப் பிரேக்க விட்டன்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

ஜன்னல் பக்கம் திரும்பினார். சாக்கடைக்காரர்கள் வெளியே கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி மேல தப்புன்னு தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பன் கோகிலா. பி-ல போட்டன்னு நெனப்பன். மேல எழுத்து வராது. அப்பக் கைதான வேற எங்கியோ நிக்குது? அந்தக் கை எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாதே."

முப்பது வருஷம் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். எந்த மெஷின் நின்றாலும் முதலில் ஓட்டுகிற ஆளைச் சந்தேகப்படாதே, மெஷினைத் திறந்து பார் என்று எல்லோருக்கும் சொன்னவர்.

மத்தியானம் வெயில் வந்தது. போய் உட்கார்ந்து பார்த்தேன். பி பளிச்சென்று எரிந்தது. முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட். டை கட்டியவர் பார்த்ததும் இந்த மத்தியான வண்டியைத்தான்.

அக்டோபர் 18, சனி

லேபில் ஒருவர் சொல்லி டேவிட் ஜெபராஜ் என்று ஒரு மெக்கானிக் வந்தார். வெயில் நேரம். முழுசாகக் கேட்காமலேயே, "பேட்டரிங்க மேடம். கண்ண மூடிட்டுச் சொல்லுவன்" என்றார்.

"கண்ணத் தொறந்து பாருங்க. திங்கட்கிழமை கழிச்சு ஒருநாள் காலைல, வெயில் ஏறறதுக்கு முன்னாடி வாங்க."

"தீபாவளிக்குக் கறி எடுத்துட்டு உடனே வரச் சொல்றீங்களா? வியாழக்கெழம வாறனுங்க."

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு இந்தத் தடவை கடையில் வாங்கியது. நங்கையா அதையும் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

அக்டோபர் 23, வியாழன்

ராத்திரி மழை. டேவிட் ஏழு மணிக்கு வந்தார். பி-யில் வைத்துத் திருப்பினார். அசைவில்லை. பேட்டரி என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இவர் வெளியே வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். வந்து, வண்டியிலிருந்து இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டேவிட் பேட்டரியையும் அது உட்கார்ந்திருந்த தட்டையும் கழற்றினார். அடியில், கியர்பாக்ஸின் பக்கவாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. நடுவில் ஓட்டை, அதன் வழியே ஒரு தண்டு.

"நீங்க லீவரத் தள்ளுனா கேபிள் வந்து இந்தத் தண்டத் திருப்புமுங்க. கியர மாத்தறது தண்டு. இந்தப் பொட்டி எதையும் மாத்தாது. தண்டு எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுன்னு பாத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்றது மட்டுந்தான் இதுக்கு வேல. என்ற மாமியாளாட்ட. ஒரு துரும்ப எடுத்து வைக்காது, ஆனா வீட்ல யார் எங்க நிக்கறாங்கன்னு எல்லாஞ் சொல்லிப்போடும்."

இவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

"இது சொன்னாத்தானுங்க மீட்டர்ல எழுத்து. இது சொன்னாத்தான் ரிவர்ஸ் லைட்டு. பி இல்லாட்டி என்-னு இது சொன்னாத்தான் ஸ்டார்ட்டே ஆகும். கியர்ல இருக்கறப்ப எடுத்தாப் பாஞ்சிருமில்ல, அதுக்காக."

கழற்றிப் பிளந்து காட்டினார். உள்ளே வளைவு வளைவாகச் செப்புத் தடங்கள், தடத்தின் மேல் உரசிப் போகிற சிறு கம்பி நாக்குகள். நாக்கு எந்தத் தடத்தைத் தொடுகிறதோ அந்த எழுத்து. பி தடத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. ஆர், டி தடங்களிலும் திட்டுத் திட்டாக. ஒயர் நுழைகிற இடத்து ரப்பர் வெடித்திருந்தது, தண்ணீர் அதன் வழியேதான்.

"பூசைக்கு முன்னாடி வாட்டர் சர்வீஸ் விட்டீங்களா? பானட்டத் தொறந்து ப்ரெஷர்ல அடிச்சிருப்பானுங்க. ஏற்கெனவே பாதி போயிருந்தது, அன்னிக்கு முழுசாப் போச்சு."

"கம்பெனி ஸ்கேன்ல வரலியே," என்றேன்.

"பம்பர் வேலைக்குப் பேட்டரியக் கழட்டியிருப்பாங்க. அப்படிக் கழட்டுனாச் சில வண்டில பதிவான பழைய ஃபால்ட்டெல்லாம் அழிஞ்சுருமுங்க. இந்தப் பொட்டிக்குப் பேரு சென்சாருங்க, புதுசு சென்னைல இருந்து வரணும்."

இவர் கையைப் பிரித்து அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டார். வலது கையில். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்குள் எடுத்துப்போய்ப் பழைய பல் பிரஷ்ஷால் களிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார். எதற்கு, புதிது வரப்போகிறதே என்று நங்கையா கேட்டார்.

"எவ்வளவு ஏறியிருக்குதுன்னு பாக்கறங்க்கா."

அக்டோபர் 24, வெள்ளி

வீட்டில் எல்லோருக்கும் தீர்ந்துவிட்டது. நங்கையா போனில் உறவு, உறம்பரை எல்லோருக்கும் சொல்லிவிட்டார்: தம்பி மேல ஒரு தப்புமில்ல, வண்டில ஒரு பொட்டி கெட்டுப்போச்சு.

எனக்குத் தீரவில்லை. லேபில் தினமும் காலையில் முதல் வேலை, அளவு தெரிந்த ஒரு திரவத்தை மெஷினில் கொடுத்துப் பார்ப்பது. கன்ட்ரோல் என்போம். அது தப்பாக வந்தால் அதற்குமுன் அந்த மெஷின் கொடுத்த முடிவுகளை நிறுத்தி வைப்போம். தப்பு என்று தூக்கிப்போட மாட்டோம். சரி என்றும் அனுப்ப மாட்டோம். செல்லாது, அவ்வளவுதான்.

சென்சார் கெட்டது என்பது சென்சாரைப் பற்றிய உண்மை. பூஜையன்று லீவர் எங்கே நின்றது என்று அதுவும் சொல்லாது. என்-னில் நின்று சரிவில் உருண்டிருக்கலாம். ஆரில் நின்றிருக்கலாம். வெள்ளை லைட் எரியாதது எதற்கும் சாட்சியில்லை, அதை எரிய வைப்பதும் அதே பெட்டிதான். கைக்கு இடம் தெரியாது. அதற்குப் பதிலாக அவர் எழுத்தை வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எழுத்தும் இல்லை.

புதிது மாட்டினால் எழுத்து வரும். அதுவும் ஒருநாள் கெடும். அன்றைக்கு வண்டியின் பின்னால் யாராவது நிற்பார்கள். முன் சீட்டில் நானும் இருப்பேன் என்பது வேறு விஷயம்.

இவர் இன்று ஆறு மணிக்கு எழுந்தார்.

அக்டோபர் 29, புதன்

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பந்து டீப்பாயில் இல்லை. கேட்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

சென்சார் வந்து மாட்டியாயிற்று. டேவிட்டே வண்டியை ஓட்ட, மூன்று பேரும் மருதமலை அடிவாரப் பக்கம் போனோம். மனை பிரித்துக் கல் நட்டு, ஒரு வீடும் வராத இடம். டேவிட் வேப்பமரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

லேபிலிருந்து பிளாஸ்டர் கொண்டுபோயிருந்தேன். மீட்டரில் எழுத்து வருகிற இடத்தில் ஒரு துண்டு ஒட்டினேன். லீவர் பக்கத்து அச்சு எழுத்துகள் மேல் ஒரு துண்டு.

"என்ன இது?" என்றார் இவர்.

"முதல்ல எனக்கு. அப்புறம் உங்களுக்கு."

நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு கண்ணை மூடினேன். இவர் பக்கத்திலிருந்து என் இடது கையை லீவரோடு சேர்த்துப் பிடித்து நகர்த்தினார். நான் எழுத்தைச் சொல்ல வேண்டும். அவர் கை சில்லென்று இருந்தது.

"பி," என்றேன். பிளாஸ்டரைத் தூக்கிப் பார்த்து, "சரி" என்றார். அடுத்தது டி. சரி. அடுத்தது ஆர் என்றேன்.

பதில் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பூஜைக்குப் பிறகு இப்போதுதான்.

"என். ஏனுங்க மேடம், உங்க கன்ட்ரோலே தப்பா வருது?"

"பழக்கமில்ல, அதனால."

"எழுதிக்க."

பிறகு இடம் மாறினோம். இடது கையில் அவருக்குப் பாதிக்குமேல் தப்பு. ஆரில் வைத்துவிட்டு பி என்று அடித்துச் சொன்னார். நான் பிளாஸ்டரைத் தூக்கிக் காட்டினேன். சிரிப்பு போய்விட்டது. மறுபடி கேட்டார், மறுபடி செய்தோம், மறுபடி அதேதான். வியர்த்துவிட்டது அவருக்கு. எனக்கும்.

"போதும்," என்றார். கையை மடியில் வைத்துக்கொண்டு மனைக்கற்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரிடம் இதை ஏன் செய்தேன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. செய்யாமல் இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

"வலது கைல பண்ணிப் பாருங்க."

"என்னது?"

"வலது கையக் குறுக்க நீட்டி."

"நொண்டியாட்ட இருக்கும். ரோட்ல போறவன் எல்லாம் பாப்பான்."

"பாக்கட்டும்."

கொஞ்சம் தாமதித்து வலது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் லீவரைப் பிடித்தார். கண்ணை அவராகவே மூடிக்கொண்டார். நான் எழுத்தைச் சொன்னேன், அவர் வைத்தார். பி. என். ஆர். டி. மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஹேண்ட் பிரேக்கையும் அதே கையால் இழுத்தார், கடகடவென்று கடைசிவரை ஏறியது.

டேவிட் மரத்தடியிலிருந்து சத்தம் போட்டார்: "என்னங்க, வண்டிய நகத்தவே மாட்டீங்களா? பசிக்குது."

திரும்பும்போதும் டேவிட்தான் ஓட்டினார். சாவியை இறங்கும்போது வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இவர் பார்த்தார்.

நவம்பர் 5, புதன்

நங்கையா இன்று வீட்டுக்குக் கிளம்பினார். ஆட்டோ வந்த பிறகு, இரு என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே பின்பக்கம் போனார். முருங்கை மரத்தடியிலிருந்து செங்கல்லை எடுத்து வந்தார். கழுவி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். நேராக வண்டியின் பின்சக்கரத்துக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். இத்தனை நாளாக அங்கே இருந்த கருங்கல்லைக் காலால் தள்ளிவிட்டார்.

"அன்னிக்கு நாந்தான இதத் தூக்கி வீசுனன். நீயும் சொல்ல மாட்டீங்கற, அவனும் சொல்ல மாட்டீங்கறான். எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சுட்டிங்களாக்கும்."

"அதனால மட்டும் இல்லீங்க நங்கையா."

"அதனாலயுந்தான்." ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சாவி இன்னும் உன்ற பையிலதான இருக்குது? அத வெச்சுட்டு என்ன பண்ற, பூசையா?"

"மழை விடட்டுங்க."

நங்கையா வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆட்டோவைக் கிளப்பச் சொன்னார்.

இரண்டு நாளாக மழை இல்லை.

நவம்பர் 6, வியாழன்

சாயங்காலம் ஸ்டாப்பில் நின்றார். இன்று எதற்கு வந்தேன் என்று காரணம் சொல்லவில்லை. மேட்டில் பாதி ஏறி மூச்சு வாங்க நின்றபோது, கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். இடது கையைத்தான் நீட்டினார். பிறகு குனிந்து பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டார்.

"காலைல ஆறரைங்களா மேடம்?"

"ஆறே காலுக்கு. பூசைய முடிச்சுட்டுப் போலாம்."

எலுமிச்சம்பழம் நாலு வாங்க வேண்டும். சாதத்துக்கு அல்ல.